ஐந்து பிக்சல் மூக்குத்தி

என் பாட்டியின் மூக்குத்தி ஐந்து பிக்சல் அகலம். எங்கள் வீட்டில் அவருடைய படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது: ஏதோ ஒரு அட்டைக்காக ஸ்டூடியோவில் எடுத்த ஸ்டாம்ப் சைஸ் கறுப்பு வெள்ளைப் படம். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தபோது முகம் நானூறு பிக்சல் உயரத்துக்குள் அடங்கிவிட்டது. அதைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்பது அத்தையின் ஆசை. அப்படியே பெரிதாக்கினால் மங்கல்தான் மிஞ்சும். அதனால் படக்கதைப் பக்கத்தில் வரும் முகம்போல நாலைந்து நிறத்திலும் கொஞ்சம் கோட்டிலும் எளிமையாக்கித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். மீடியன் ஃபில்டரை ஏழுக்கு ஏழு சதுரத்தில் ஓட்டினேன், நிறங்களைக் குறைத்தேன், ஓரக்கோடு சேர்த்தேன். அத்தை சற்று நேரம் பார்த்தார். “யாருப்பா இது? பெரியம்மா மாதிரி இருக்கு. அம்மா இல்லையே” என்றார்.

மூக்குத்தி போயிருந்தது. காரணம் எளிய கணக்கு. மீடியன் ஃபில்டர் ஒவ்வொரு பிக்சலையும் சுற்றியிருப்பவற்றோடு சேர்த்து, கருமையிலிருந்து வெண்மைவரை வரிசையில் நிறுத்தி, நடுவில் நிற்பதை அந்த இடத்தில் வைக்கும். ஏழுக்கு ஏழு என்றால் 49 பிக்சல். ஐந்து பிக்சல் அகலமுள்ள சிறு வட்டத்தில் இருப்பவை 21. 49இல் 21 சிறுபான்மை. சுற்றியிருந்த தோலின் நிறம் வந்து மூடிவிட்டது. ஐந்துக்கு ஐந்து சதுரமாக இருந்திருந்தால் 25இல் 21, மூக்குத்தியின் நடுப்பகுதியாவது பிழைத்திருக்கும். மென்பொருளுக்கு மூக்குத்தியும் ஸ்கேனர் கண்ணாடியில் கிடந்த தூசியும் ஒன்றுதான், இரண்டும் சிறிய வெள்ளைப் புள்ளிகள்.

ஒளிப்படத்தைக் காமிக்ஸ் முகமாக்கும் வழிகாட்டிகள் இணையத்தில் ஏராளம். ஏறக்குறைய எல்லாமே எதை நீக்குவது என்று சொல்லித் தருகின்றன: தோலின் துளைகள், மெல்லிய நிழல்கள், மயிரிழைகள். ஒரு முகத்தில் எதைத் தொடவே கூடாது என்று சொல்பவை மிகக் குறைவு. கடந்த ஐம்பது ஆண்டுகளில் இந்தக் கேள்விக்கு மூளையை ஆராய்பவர்களும் கணிப்பொறியாளர்களும் ஓவியர்களும் தனித்தனியே விடை தேடியிருக்கிறார்கள். அவற்றைச் சேர்த்து வைத்துப் பார்த்தால், நிறங்களைக் குறைக்கும் போஸ்டரைஸ் பட்டனை அழுத்துமுன் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

1973இல் பெல் ஆய்வகத்தின் லியான் ஹார்மன், ஆபிரகாம் லிங்கனின் முகத்தைச் சில நூறு சாம்பல் சதுரங்களாகக் குறைத்துக் காட்டினார். அருகில் பார்த்தால் கட்டங்கள்தான். கண்ணைச் சுருக்கியோ தள்ளி நின்றோ பார்த்தால் லிங்கன் வந்துவிடுவார். முகத்தை அறிய நமக்கு வேண்டிய விவரம் அவ்வளவு குறைவு. ஆனால் குறைவு என்பதற்காக எந்த விவரமும் போதும் என்றாகிவிடாது. 1978இல் டேவிஸ், எல்லிஸ், ஷெப்பர்ட் மூவரும் செய்த சோதனையில், ஒளிப்படத்தின் மேல் வைத்துத் துல்லியமாக வரைந்தெடுத்த வெறும் கோட்டோவியங்களை மக்கள் ஒளிப்படத்தைவிட மிக மோசமாகவே அடையாளம் கண்டார்கள். கோடு சரியாக இருந்தும் ஆள் தெரியவில்லை.

ஏன் என்பதற்கு வழிகாட்டியவர்கள் முகத்தை ஆராய வந்தவர்களே அல்லர். டொனால்ட் பியர்சனும் ஜான் ராபின்சனும் காது கேளாதவர்கள் சாதாரணத் தொலைபேசிக் கம்பியில் சைகை மொழி பேச வழி தேடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கம்பி முழு வீடியோவைத் தாங்காது. ஆகவே ஆளையும் கையையும் கார்ட்டூனாகச் சுருக்கி அனுப்பினார்கள். 1985இல் வெளியான அவர்களது முறையில் கோட்டோடு இன்னொன்றும் இருந்தது: ஓர் அளவுக்குக் கீழே கருமையாக இருக்கும் பகுதி முழுவதையும் கறுப்பால் நிரப்பிவிடுவது. தலைமுடி, புருவம், கண்ணின் கருமை எல்லாம் திட்டாக வந்து விழும். 1992இல் விக்கி புரூஸும் குழுவினரும் இதை முகங்களில் சோதித்தார்கள். வெறும் கோடுகள் தடுமாறின. கருந்திட்டைச் சேர்த்ததும் அடையாளம் காண்பது ஒரேயடியாக மேம்பட்டது.

இந்தத் துறையில் நான் படித்தவற்றில் மிகவும் பயன்பட்டது இந்த ஒரு கண்டுபிடிப்புதான். ‘ஃபைண்ட் எட்ஜஸ்’ ஃபில்டரை மட்டும் போட்டுவிட்டு, சாயல் வரவில்லையே என்று தவிக்கும் எவருக்கும் சொல்லத் தகுந்தது. முகம் கோட்டில் மட்டும் இல்லை, கருமை எங்கே திரண்டு நிற்கிறது என்பதில் பெரும்பகுதி இருக்கிறது. பாரதியை எண்ணிப் பாருங்கள். வெள்ளை முண்டாசு, கறுப்பு மீசை, இரண்டு கண்கள். சுவரில் ஸ்டென்சிலாக அடித்தாலும் பனியனில் ஒரே நிறத்தில் அச்சிட்டாலும் குழந்தைகூடச் சொல்லிவிடும். அங்கே மூக்குக்குக் கோடே இருக்காது.

திட்டுகளிலும் எல்லாம் சமமில்லை. பவன் சின்ஹாவின் எம்ஐடி குழு 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பிரபலங்களின் படங்களில் ஒரு முறை கண்களையும் ஒரு முறை புருவங்களையும் அழித்துக் காட்டினார்கள். கண்ணில்லாத முகத்தைவிடப் புருவமில்லாத முகத்தை அடையாளம் காண்பதே கடினமாக இருந்தது. முகத்தை மென்மையாக்கும் எந்த ஃபில்டரிலும் முதலில் அடிபடுவது புருவம், குறிப்பாக மெல்லிய புருவம் கொண்ட வயதானவர்களுக்கு. இப்போதெல்லாம் ஃபில்டர் போடுமுன்பே இரண்டு புருவங்களையும் லாஸோவால் தேர்ந்து தனி லேயரில் எடுத்து வைத்துவிடுகிறேன்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில், உள்ளதைக் கூட்டிக் காட்டுவதும் உதவும் என்று 1987இல் கில்லியன் ரோட்ஸ், சூசன் பிரென்னன், சூசன் கேரி மூவரும் காட்டினார்கள். சராசரி முகத்திலிருந்து ஒருவர் எங்கெங்கே விலகுகிறாரோ அந்த விலகலை மிகைப்படுத்திய கோட்டோவியத்தை, உள்ளபடி வரைந்ததைவிட விரைவாக மக்கள் அடையாளம் கண்டார்கள். 1993இல் வந்த ‘அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்’ நூலில் ஸ்காட் மெக்ளவுட், கார்ட்டூனின் எளிமை என்பது சிலவற்றை விடுவதால் மற்றவற்றை உரக்கச் சொல்வது என்ற பொருளில் எழுதியதும் இதற்கு வெகு அருகில் வருகிறது.

மென்பொருள் வருமுன்பே இதெல்லாம் கையால் நடந்தது. 1960 மார்ச் 5 அன்று ஆல்பர்ட்டோ கோர்டா எடுத்த சே குவேராவின் படத்தில் பக்கத்தில் இன்னொருவரின் முகமும் மர இலைகளும் இருந்தன. முதல் எளிமை அவற்றை வெட்டியது. 1968இல் ஜிம் ஃபிட்ஸ்பாட்ரிக் அதைக் கறுப்பும் சிவப்புமாக்கினார். 1962இல் ஆண்டி வார்ஹால் மர்லின் மன்றோவின் விளம்பரப் படத்தைப் பட்டுத்திரை அச்சில் ஏற்றினார். நம் ஊர் அச்சகங்களிலும் அப்போது சாம்பல் நிறங்களை அச்சிட ஹாஃப்டோன் பிளாக் வேண்டியிருந்தது. லைன் பிளாக்குக்குக் கறுப்பும் வெள்ளையும் போதுமாக இருந்தது. ஓவியர் கோபுலு போன்றவர்களின் கோடுகள் வளர்ந்த மண் அதுதான். 1972இல் முத்து காமிக்ஸ் சிவகாசியிலிருந்து ‘இரும்புக்கை மாயாவி’யோடு வந்தபோது தமிழ்ச் சிறுவர்கள் பார்த்தது ஸ்பெயின் ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோவின் தூரிகை. பாதி முகம் நிழலில் மூழ்கியிருக்கும், மீதிப் பாதியில் இரண்டே கோடுகள். புரூஸ் குழுவினர் பின்னாளில் சோதித்துச் சொன்ன ‘கருந்திட்டு’ அந்தப் பக்கங்களில் முன்பே இருந்தது.

இனி மென்பொருளுக்கு வருவோம். போட்டோஷாப்போ, இலவசமான ஜிம்ப்போ, கிரீட்டாவோ, எதில் செய்தாலும் வேலை மூன்றுதான்: பரப்பைச் சமன்செய்வது, நிறத்தைக் குறைப்பது, கோடு எடுப்பது.

சமன்செய்வதற்குக் காசியன் பிளர் உதவாது. அது கன்னத்தையும் முடியையும் வேறுபாடில்லாமல் கலந்து விளிம்பையே கரைத்துவிடும். விளிம்பைக் காப்பாற்றும் ஃபில்டர்களில் பழையது குவஹாராவுடையது. 1976இல் ஜப்பானில் இதயத்தின் மருத்துவப் படங்களைத் தெளிவாக்கச் செய்தது. ஒவ்வொரு பிக்சலையும் சுற்றி நான்கு கட்டங்களைப் பார்த்து, எதில் மாறுபாடு குறைவோ அதன் சராசரியை எடுத்துக்கொள்ளும். இதயத்துக்காகப் பிறந்த அந்தக் கணக்கு, முகத்தில் போட்டால் தட்டைத் தூரிகையால் தீட்டியதுபோல வருகிறது. அடுத்த பெரிய பாய்ச்சல் 1998இல் பம்பாயில் நடந்த கணிப்பொறிப் பார்வை மாநாட்டில் வந்தது. கார்லோ டொமாசியும் ராபர்ட்டோ மந்துச்சியும் அங்கே முன்வைத்த பைலேட்டரல் ஃபில்டரில், இரண்டு பிக்சல்கள் கலக்க வேண்டுமானால் பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது, நிறத்திலும் நெருங்கியிருக்க வேண்டும். கன்னம் கன்னத்தோடு கலக்கும். கன்னமும் காதோர முடியும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் கலக்காது. போட்டோஷாப்பின் சர்ஃபேஸ் பிளரும் ஜிம்ப்பின் செலக்டிவ் காசியன் பிளரும் இந்த எண்ணத்துக்கு உறவினர்கள்தான்.

இதை வைத்து ஹோல்கர் வின்னமோலர் குழு 2006இல் ஓடும் வீடியோவையே கார்ட்டூனாக்கிக் காட்டியது: பைலேட்டரல் ஃபில்டரைத் திரும்பத் திரும்ப ஓட்டு, ஒளியளவைப் படிகளாக உடை, மேலே கோட்டை வை. இன்று பல செயலிகளின் கார்ட்டூன் பட்டனுக்குப் பின்னால் இருப்பது இந்தச் சமையல்குறிப்பின் ஏதோ ஒரு வடிவம். அப்படி எளிமையாக்கிய தெரிந்த முகங்களை ஒளிப்படத்தைவிட வேகமாக மக்கள் பெயர் சொல்லி அழைத்ததாகவும் அவர்கள் சோதித்துக் காட்டினார்கள். ஆனால் எனக்கு அதைவிட நெருக்கமானது அதற்கு நான்கு ஆண்டுகள் முன் டக் டிகார்லோவும் ஆன்டனி சான்டெல்லாவும் செய்தது. படத்தைப் பார்க்கும் மனிதரின் கண் எங்கெங்கே நிற்கிறது என்று கருவியால் அளந்து, கண் தங்கிய இடத்தில் விவரத்தை விட்டுவைத்து, தங்காத இடத்தில் குறைத்தார்கள். எதைக் காப்பது என்பதை எண்ணிடம் விடாமல் பார்ப்பவரிடம் கேட்ட முறை அது. என் அத்தையின் கண் நேரே மூக்குத்திக்குப் போனது. அந்தக் கருவி அன்று எங்கள் வீட்டில் இருந்திருந்தால் மூக்குத்தி பிழைத்திருக்கும்.

நிறக் குறைப்பில் எல்லோரும் விழும் பள்ளம் ஒன்று உண்டு. போஸ்டரைஸில் நான்கு என்று கொடுத்தால் நான்கு நிறம் வரும் என்று நினைக்கிறோம். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் நான்கு படி. மூன்றும் கலந்தால் 64 நிறம்வரை வரலாம். மூன்றும் ஒரே இடத்தில் உடையாததால் கன்னத்தில் பச்சைத் திட்டும் நெற்றியில் ஊதாத் திட்டும் முளைக்கும். ஃப்ளெக்ஸ் பேனர்களில் நோயாளிபோலத் தெரியும் முகங்களில் பல இந்தக் கோளாறால் வந்தவை என்பது என் எண்ணம். முதலில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, ஒளியளவை மட்டும் நாலு படியாக உடைத்து, பிறகு கிரேடியன்ட் மேப்பில் ஒவ்வொரு படிக்கும் நாமே நிறம் கொடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

கோட்டுக்கு வந்தால், 1986இல் ஜான் கேனி தந்த விளிம்பு காணும் முறை துல்லியமானது. ஆனால் கம்பி வளைத்ததுபோல ஒரே தடிமனில் வரும். காமிக்ஸ் கோட்டுக்குத் தடிப்பும் மெலிவும் வேண்டும். அதற்கு ஒரே படத்தைச் சற்றுக் குறைவாகவும் சற்று அதிகமாகவும் இருமுறை மங்கலாக்கி ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும் முறையே நன்றாகப் படிகிறது. ஜிம்ப்பில் ‘டிஃபரன்ஸ் ஆஃப் காசியன்ஸ்’ என்ற பெயரிலேயே இருக்கிறது. வின்னமோலர் பிற்பாடு இதை வளர்த்து, கோடும் கருந்திட்டும் ஒரே கணக்கில் வரும்படி செய்தார்.

எந்தக் கணக்கில் வந்தாலும் கோட்டை அப்படியே விடக்கூடாது. மூக்கோரத்திலிருந்து வாய்வரை இறங்கும் மடிப்பை மென்பொருள் விசுவாசமாக ஒரு கோடாக்கும். முப்பது வயதுப் பெண் ஐம்பதாகிவிடுவார். ஒளிப்படத்தில் அது மெல்லிய நிழல். கோடான பிறகு அது வெட்டுக்காயம்போல அழுத்தமாகிவிடுகிறது. கன்னத்துக்குள் விழுந்த கோடுகளை முதலில் அழிப்பேன். மூக்கின் பக்கவாட்டுக் கோட்டையும் அழிப்பேன். நாசித்துவாரத்தின் இரண்டு சிறு கருமைகள் போதும். மேல் இமை தடிப்பாக, கீழ் இமை பாதி அளவுக்கு அல்லது இல்லாமலே. உதட்டைச் சுற்றிக் கோடு வரையக்கூடாது. இரண்டு உதடும் சேரும் இடத்துக் கோடுதான் வாய். கீழுதட்டுக்கு அடியில் ஒரு சிறு நிழல், அவ்வளவே. சித்திரக்கதை ஓவியர்கள் தலைமுறைகளாகச் செய்துவரும் இந்தக் கத்தரிப்பை எந்த ஸ்லைடரும் தானாகச் செய்வதில்லை.

நம் மனிதர்களின் முகத்துக்குத் தனியே ஒரு சிக்கல் இருக்கிறது, அதைப் பேசுவோர் குறைவு. போட்டோஷாப்பில் த்ரெஷோல்டைத் திறந்ததும் 128இல் நிற்கும்: 256 படிகளின் நடு. அதற்கு மேலே வெள்ளை, கீழே கறுப்பு. பாட்டியின் படத்தில் நெற்றி மினுக்கத்தில் மட்டும் 140ஐத் தொட்டது. கன்னம் 70க்கும் 110க்கும் இடையே, முடி 30க்குப் பக்கத்தில், பின்னால் வெள்ளையடித்த சுவர் 220. 128இல் வைத்தால் நெற்றியில் ஒரு துணுக்கு வெள்ளையும் முகத்தில் மீதியெல்லாம் கறுப்பும். வெளிறிய தோலுக்கு அழகாகப் பிரியும் அதே எண் இங்கே முகத்தையே விழுங்கிவிடுகிறது. தானியங்கி முறையும் காப்பாற்றவில்லை. நொபுயுகி ஓட்சு 1979இல் தந்த கணக்கு, படத்தின் ஒளியளவுகளை இரண்டு கூட்டமாகப் பிரிக்கச் சிறந்த எல்லையைத் தானே தேடும். அது தேடிக் கண்டது சுவருக்கும் பாட்டிக்கும் நடுவிலுள்ள எல்லையை. சுவரை மாஸ்க் செய்து மறைத்து, முகத்தை மட்டும் கணக்கிடச் சொன்னபோதுதான் எண் 85க்கு இறங்கியது. அப்போது கண்குழியும் மூக்கின் நிழலும் தாடையும் தனித்தனியே எழுந்து நின்றன.

இதற்கு எளிதான தப்பிப்பு வழி, முதலில் லெவல்ஸை இழுத்து முகத்தை வெளுக்கவைப்பது. பல டிசைனர்கள் கேட்காமலே செய்கிறார்கள். வாடிக்கையாளர்களும் கேட்டு வாங்குகிறார்கள். நான் இதை முழுமனதாக எதிர்க்கிறேன். பிரிப்பதற்காக ஒளியைக் கூட்டுவது ஒரு தொழில்நுட்பப் படி. அதற்காக இறுதி நிறமும் வெளுக்க வேண்டியதில்லை. நாலு படிக்கும் நிறம் கொடுப்பவர் நாம்தான்: அடர்பழுப்பு, செம்பழுப்பு, செம்பு, மினுக்கத்துக்கு மட்டும் ஒரு வெளிர்காவி. கறுப்புக் கோடு அடர்பழுப்பில் மறைந்தால் கோட்டைக் கருநீலத்துக்கு மாற்றலாம், அல்லது நிழல் பக்கத்தில் மெல்லிய வெளிச்சக் கோடு கொடுக்கலாம். தோல் நிறத்தையே துறப்பதும் ஒரு வழி. 2008இல் ஷெப்பர்ட் ஃபேரி ஒபாமாவுக்குச் செய்த ‘ஹோப்’ சுவரொட்டியில் சிவப்பும் வெளிர்மஞ்சளும் இரண்டு நீலமும்தான் இருந்தன. அங்கே நிறம் தோலைச் சொல்லவில்லை, வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்பதைச் சொன்னது. இந்தோனேசிய ஓவியர் வேதா அப்துல் ரசீது 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய பாணி இன்னும் துணிச்சலானது. வளைகோடே இல்லாமல், நேர்கோடுகளால் வெட்டிய பட்டைகளில் பச்சையும் இளஞ்சிவப்பும் ஊதாவும் நிரப்பி ஆளைக் கொண்டுவந்துவிடுவார். சாயல் எங்கிருந்து வருகிறது என்றால் வெளிச்சமும் இருளும் சரியான இடத்தில் இருப்பதிலிருந்துதான்.

இன்று இதையெல்லாம் நரம்பு வலையமைப்புகள் ஒரு நொடியில் செய்கின்றன. 2015இல் கேடிஸ், எக்கர், பெத்கே மூவரும் ஓர் ஓவியத்தின் பாணியை இன்னொரு படத்துக்கு மாற்றும் வழியைக் காட்டினார்கள். 2016இல் பிரிஸ்மா அதைக் கைபேசிக்குக் கொண்டுவந்தது. 2018இல் கார்ட்டூன்கான் வந்தது. 2025 மார்ச்சில் சாட்ஜிபிடியின் கிப்லி பாணிப் படங்கள் உலகெங்கும் பரவின. 2020இல் வாங், யூ இருவரும் செய்த முறையில் வலையமைப்புக்குப் படத்தைப் பரப்பு, அமைப்பு, இழைநயம் என்று பிரித்துக் கற்பித்தார்கள் என்பதைக் கவனித்தேன். மென்பொருளில் நாம் கையால் செய்த அந்த மூன்று வேலைகளின் சாயல் அதில் இருக்கிறது.

பாட்டியின் படத்தை அப்படி ஒரு செயலியில் கொடுத்தும் பார்த்தேன். அழகான ஒரு பெண் வந்தார். கண் பெரிது, மூக்கு கூர்மை, நிறம் இரண்டு படி வெளுப்பு. மூக்குத்தி இருந்த இடத்தில் ஒரு மச்சம். மீடியன் ஃபில்டர் தெரியாமல் அழித்தது; இது தெரிந்ததுபோல வேறொன்றை வைத்தது. இரண்டாவதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன், ஏனென்றால் கோளாறு என்று கண்ணில் படாது. கற்ற முகங்களின் சராசரியை நோக்கி அது இழுக்கிறது. ரோட்ஸ் குழுவினர் சொன்னதோ, சாயல் இருப்பது சராசரியிலிருந்து விலகும் இடத்தில்.

உரிமை பற்றியும் ஒரு சொல். எளிமையாக்கிவிட்டால் படம் நம்முடையதாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஃபேரிக்கும் அசோசியேட்டட் பிரஸ்ஸுக்கும் நடந்த வழக்கு 2011இல் சமரசத்தில்தான் முடிந்தது. வார்ஹால் பாடகர் பிரின்ஸின் ஒளிப்படத்திலிருந்து செய்த படம் ஒன்றை இதழுக்கு உரிமம் கொடுத்தது பற்றிய வழக்கில் 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒளிப்படக் கலைஞர் லின் கோல்ட்ஸ்மித்தின் பக்கமே நின்றது. இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஸ்டூடியோக்காரரிடம் பாட்டி காசு கொடுத்து எடுத்த படம் பாட்டியுடையது.

கடைசியில் அதை ஃபில்டரில் முடிக்கவில்லை. 85இல் பிரித்த கருந்திட்டை அடியில் வைத்து, அதன் மேல் இங்க்ஸ்கேப்பில் பென் டூலால் ஒவ்வொரு பரப்பாகக் கையால் வரைந்தேன். தானே வெக்டராக்கும் டிரேஸ் பிட்மேப்பை முடிக்கும் சேலைக் கரைக்கும் மட்டும் பயன்படுத்தினேன். வெக்டர் என்பதால் எத்தனை பெரிதாக அச்சிட்டாலும் ஓரம் சிதையாது. தோல் நான்கு நிறம், முடியும் புருவமும் ஒரே கருநீலம், சேலைக்கு ஓர் அரக்கு. முகத்துக்குள் கோடுகள் பதினொன்று, எண்ணித்தான் வைத்தேன். மூக்குத்தி எல்லாவற்றுக்கும் மேல் தனி லேயரில், உண்மை அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக, வெள்ளை. அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அதன் இடத்தைச் சரிசெய்தோம். “இன்னும் கொஞ்சம் கீழே. அம்மாவுக்கு வலப்பக்கம் குத்தின இடம் சரிஞ்சிருக்கும்” என்றார். ஸ்கேனைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சரிந்துதான் இருந்தது, ஒரு பிக்சல்.